காட்டின்மேற் போட்ட பழி

கொலம்பிய நாட்டு எழுத்தாளர் ஹோசே எவுஸ்தாசியோ ரிவேரா எழுதிய 'லா வொராஹினே' என்னும் நாவல் வெளிவந்து 2024ஆம் ஆண்டில் நூறாண்டுகள் நிறைந்தன. 'பெருஞ்சுழி' என அதனைத் தமிழிற் கூறலாம். இலக்கிய வரலாற்றாசிரியர் அதனைக் 'காட்டு நாவல்' என்னும் வகையிற் சேர்த்து நெடுங்காலமாயிற்று. அமேசன் காட்டின் பயங்கரத்தை இதற்கு நிகராகத் தீட்டிய நூல் வேறில்லை என்பது பொதுவான பாராட்டு. நூலைப் புகழ்வதுபோலத் தோன்றும் இந்தப் பாராட்டே, அந்நூல் எழுதப்பட்ட காரணத்தை மூடி மறைக்கின்றது என்பது எமது எண்ணம்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு இந்நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தோம். ஸ்பானிய மொழியை நாம் அறியோம்; ஆதலால் நடையழகு பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை எமக்கில்லை. வாசித்து முடிந்ததும், "இத்தனை பேரையும் கொன்றது யார்?" என்று மாணவரைக் கேட்டோம். பெரும்பாலோர் 'காடு' என்றனர். ஒரு மாணவி மட்டும் 'கணக்குப் புத்தகம்' என்றார். இக்கட்டுரையை அம்மாணவியின் விடைக்கு எழுதிய உரையெனக் கொள்ளினும் தவறில்லை.

பெரும்பாலோரின் விடைக்கும் நூலில் ஆதாரம் இல்லாமலில்லை. கதாநாயகன் ஆர்துரோ கோவா ஒரு கவிஞன். காதலி அலீசியாவோடு பொகோட்டா நகரைவிட்டுப் புல்வெளி நாட்டுக்கு ஓடுகின்றான். பர்ரேரா என்னும் ஆள்பிடிக்கும் தரகன் பொய்வாக்குறுதிகளாலும் முற்பணத்தாலும் மக்களை மயக்கிக் காட்டுக்குக் கொண்டுசெல்கின்றான். அலீசியாவும் அவ்வழியே போகின்றாள். பழிதீர்க்கப் புறப்பட்ட கோவா காட்டினுள் நுழைகின்றான். நாவலின் இரண்டாம் பகுதி காட்டை முன்னிலைப்படுத்தி விளிக்கும் நீண்ட புலம்பலோடு தொடங்குகின்றது. மரங்கள் சதி செய்கின்றன; நிழல் மனிதனின் மதியைக் கெடுக்கின்றது; கோவாவும் அவன் கூட்டத்தாரும் காட்டினால் விழுங்கப்பட்டனர் என்ற செய்தியோடு நூல் முடிகின்றது. கடைசிப் பக்கம் வாசகன் மனத்திற் பதியும் பக்கமன்றோ? அதனை வைத்தே நூலுக்குப் பெயரிட்டு விட்டனர்.

இத்தகைய முடிவு எமது நாட்டு வாசகர்க்குப் புதியதன்று. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்த லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் ஆங்கில நாவலும், காடு மெல்ல மெல்ல வந்து கிராமத்தை மூடிவிடுவதோடுதான் முடிகின்றது. அது வறண்ட வலயத்துக் காடு, இது மழைக்காடு. அதை எழுதியவர் ஆளும் அரசின் அதிகாரி. இதை எழுதியவர் சொந்த நாட்டு வழக்கறிஞர். எனினும் இரண்டு நூல்களிலும் ஒரே வினோதத்தைக் காண்கின்றோம். வூல்ஃபின் நாவலில் சிலிந்துவின் குடும்பத்தைச் சீரழிப்பன சேனைப் பயிர்ச்செய்கைக்கான அனுமதிச்சீட்டும், கடனும், கிராமத் தலைவனின் சூழ்ச்சியுமே. இவற்றை வூல்ஃப் அதிகாரிக்குரிய நுணுக்கத்தோடு விவரிக்கின்றார். ஆயின் முடிவிற் காட்டையே கொலைகாரனாக நிறுத்துகின்றார். அனுமதிச்சீட்டை வழங்கிய கச்சேரி மெல்லப் பின்வாங்கி விடுகின்றது.

ரிவேரா இதனிலும் ஒருபடி மேற்சென்றவர். அவருடைய நாவலுக்குள் இரண்டு நாவல்கள் உள்ளன என்று கூறினும் பொருந்தும். ஒன்று கோவாவின் நாவல். உணர்ச்சிப் பெருக்கும் அலங்காரமும் நிறைந்தது. உண்மையைச் சொன்னாற் சில பக்கங்கள் சலிப்பூட்டுவன. மற்றையது கிளெமென்டே சில்வா என்னும் முதியவரின் கதை. காட்டில் வழிகாட்டும் தொழில் அவருக்கு. வீட்டைவிட்டு ஓடிய சிறுவனான தம் மகனைத் தேடி றப்பர்க் காடுகளுட் புகுந்தவர், கடனாளியாகி, கைமாறி, சவுக்கடி பட்டு, ஆண்டுக்கணக்காக அலைகின்றார். இறுதியில் அவருக்குக் கிடைப்பவை மகனின் எலும்புகள் மாத்திரமே.

மகன் எவ்வாறு இறந்தான்? மரம் விழுந்து இறந்தான் என்பதே முதலில் எமக்குக் கிடைக்கும் செய்தி. கதை வளர்ந்தபின், றப்பர் வாங்கி விற்கும் ஒரு பெண் வணிகரின் முன்னிலையில் அவ்விளைஞன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்பது தெரியவருகின்றது. மரத்தின்மேற் போட்ட பழி பொய்யாகின்றது. காடே கொன்றது என்று ஓயாது முழங்கும் ஒரு நூலில், அந்தக் கூற்றே பொய்ச்சாட்சியாக நிற்கும் இடம் இது. நாம் வாசித்த விமரிசனங்களில் இதனை எடுத்துப் பேசியவர் எவரையும் காணவில்லை.

இன்னும் ஓரிடம். பிரெஞ்சு இயற்கையறிஞர் ஒருவர் காட்டுக்கு வருகின்றார். சில்வா அவருக்கு வழிகாட்டி. பாலுக்காக வெட்டி வெட்டித் தழும்பேறிய ஒரு மரத்தை அவர் புகைப்படம் எடுக்க முனைகின்றார். அப்போது சில்வா தம் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி, இம்மரத்திலும் என் முதுகு குறையப் பட்டதோ என்ற கருத்துப்படக் கேட்கின்றார். மரமும் முதுகும் ஒரே கருவியிற் படமாகின்றன. காட்டழிவு வேறு, மனித உரிமை வேறு என்று இன்று மாநாடுகளில் இரண்டு அரங்குகளாக்கிப் பேசுகின்றனரே, அவ்விரண்டையும் ரிவேரா 1924இல் ஒரு படத்துள் அடக்கிவிட்டார். ஒரே கை, ஒரே கத்தி, ஒரே கணக்கு. காடு இங்கே கொலையாளியாக வரவில்லை. சில்வாவின் பக்கத்தில் நின்று அடிபடுகின்றது. அந்த அறிஞர் பின்னர் காட்டினுள் மறைந்துபோகின்றார். 1906ஆம் ஆண்டில் புட்டுமாயோ ஆற்றுப் பிரதேசத்தில் காணாமற்போன எவுஜென் ரோபுஷோன் என்னும் பிரெஞ்சுக்காரரே இப்பாத்திரத்தின் மூலம் என்பர்.

இனி, கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். நாவலில் இடம்பெறும் 'அரானா வணிக இல்லம்' கற்பனையன்று. பெரு நாட்டு வணிகர் ஹூலியோ சேசர் அரானா புட்டுமாயோவில் நடத்திய றப்பர் வியாபாரம் 1907இல் இலண்டனிற் கொம்பனியாகப் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் பவுண். பிரித்தானியப் பிரமுகர் சிலர் பணிப்பாளர் சபையில் அமர்ந்தனர். ஹுய்டோட்டோ, போரா, அன்டோக்கே, ஒகைனா முதலிய பழங்குடியினர் துப்பாக்கி முனையிற் காட்டுக்கு விரட்டப்பட்டு, குறித்த எடைக்குப் பால் கொண்டுவர வேண்டியவராயினர். எடை குறைந்தாற் சவுக்கடி, பட்டினி, தொழுமரம், மரணம். ஒவ்வொரு நிலையத்தின் தலைவனுக்கும் ஊதியம் றப்பரின் அளவுக்கேற்ற தரகாகவே கொடுக்கப்பட்டது. இஃது முக்கியமான செய்தி. கொடியவர் சிலர் தற்செயலாக ஓரிடத்திற் கூடிவிட்டனர் என்பது பொருந்தாது. கொடுமைக்குத் தரகு கொடுக்கும் ஒழுங்கு ஒன்று இருந்தது. அவ்வொழுங்கு கொடியவரைத் தேடி எடுத்துக்கொண்டது. 1900 முதல் 1911 வரை அங்கிருந்து வந்த றப்பர் ஏறத்தாழ 4,000 தொன். அதற்கு ஈடாகப் போன உயிர்கள் 30,000 என்பது அக்காலத்தவர் செய்த மதிப்பீடு.

இதனை முதலில் வெளியிட்டவர் யார்? இக்கிட்டோஸ் நகரில் 'லா சன்சியோன்', 'லா ஃபெல்பா' என்னும் சிறு பத்திரிகைகளை நடத்திய பென்ஹமின் சல்தான்யா ரொக்கா. 1907ஆம் ஆண்டில் அவர் கொலைகளையும் கொலைஞர் பெயர்களையும் வரிசையாக அச்சிட்டார். அடுத்த ஆண்டில் ஊரைவிட்டு வெளியேற வேண்டியவரானார். ரிவேராவின் நாவலில் 'லா ஃபெல்பா'வின் ஒரு பிரதி றப்பர்த் தொழிலாளரிடையே இரகசியமாக உலாவுகின்றது. அகப்பட்டபோது, வாசித்தவனின் கண்ணிமைகள் தைக்கப்படுகின்றன. கேட்டிருந்தவர்களின் காதுகளிற் காய்ச்சிய மெழுகு வார்க்கப்படுகின்றது. இவ்விதழ் போன்ற சிறு பத்திரிகைகளின் வாசகர் இவ்விடத்தைச் சற்றே நின்று வாசிப்பர் என நம்புகின்றோம்.

புட்டுமாயோவிற் கொம்பனியாட்களிடம் அகப்பட்டுத் தப்பிய வோல்ட்டர் ஹாடன்பேர்க் என்னும் அமெரிக்க இளைஞர் வாக்குமூலங்களைத் திரட்டி இலண்டனுக்குக் கொண்டுசென்றார். 'ட்ரூத்' என்னும் வாராந்தப் பத்திரிகை 1909இல் அவற்றை வெளியிட்டது. பெரு நாட்டு மண்ணிற் பழங்குடியினர் கொல்லப்படுவதைப் பற்றித் தான் விசாரிக்க இயலாது என்பது பிரித்தானிய அரசின் நிலை. ஆனால் அடியாட்களாகக் கொம்பனி ஏறக்குறைய இருநூறு பார்படோஸ் தீவினரைக் கொண்டுபோயிருந்தது. அவர்கள் பிரித்தானியப் பிரசைகள். அந்தச் சிறு துவாரத்தினூடாகவே சட்டம் காட்டுக்குள் நுழைந்தது. 1910இற் சென்ற ரோஜர் கேஸ்மன்ட், முப்பது பார்படோசியரின் வாக்குமூலங்களைப் பதிந்தார். கொல்லப்பட்டவர்க்காகச் சட்டம் அங்கே போகவில்லை; கொல்வதற்கு ஏவப்பட்டவர் தன் குடிகளென்பதாற் போயிற்று.

கேஸ்மன்டின் அறிக்கை 1912இல் அச்சாயிற்று. அதனை நாம் உரைநடை இலக்கியமாகவே மதிக்கின்றோம். காடு என்னும் சொல் அதில் எவரையும் பயமுறுத்துவதில்லை. எடை, தூரம், கடைப்பொருளின் விலை, தொழுமரத்தின் துளையளவு, பெயர், இடம், நாள் ஆகியவையே அதன் அலங்காரம். கோவாவின் புலம்பல் முந்நூறு பக்கத்திற் செய்ய முடியாததை இந்த வறண்ட நடை சில பக்கங்களிற் செய்துவிடுகின்றது.

தமிழ் கற்றவர்க்குச் சுவையான ஒரு செய்தியை ஈண்டு குறிப்பிட வேண்டும். பாராளுமன்றத் தெரிவுக்குழு 1912-13இற் கொம்பனியின் கணக்கேடுகளைப் பரிசீலித்தபோது, 'வெற்றிகொள்ளற் செலவு' என்று பொருள்படும் ஸ்பானியப் பதிவு ஒன்றைக் கண்டது. இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று அரானாவைக் கேட்டனர். மக்களைக் கவர்வது, அவர்தம் நல்லெண்ணத்தைப் பெறுவது என்பதாகவே அவர் விளக்கம் கொடுத்தார். துப்பாக்கிகள் வாங்கிய கொம்பனி கூறிய உரை இது! சொல்லுக்கு உரை காண்பது உரையாசிரியர்க்குப் பொழுதுபோக்காயிருக்கலாம். அங்கே முப்பதினாயிரம் உயிர்கள் அந்த ஒரு சொல்லின் பொருளிலே தொங்கின.

குழுவின் முடிவு என்ன? பணிப்பாளர்கள் கடுங் கண்டனத்துக்குரிய அசட்டை செய்தவர்கள். ஆயினும் அடிமை வியாபாரச் சட்டங்களின்கீழ் அவர்களைத் தண்டிக்க இயலாது. அவர்கள் இலண்டனில் இருந்தனர்; நிலையத் தலைவன் காட்டில் இருந்தான். பணிப்பாளர் அறியார், தலைவன் அவருடைய ஊழியனல்லன், தரகு பெறுபவன், பார்படோசியன் ஏவியதைச் செய்தவன். ஒவ்வொருவரிடமும் குற்றத்தின் ஒரு துண்டு உண்டு. முழுக் குற்றமும் எவரிடமும் இல்லை. பெருவில் ஒரு நீதிபதி இருநூறுக்கு மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்தார். அகப்பட்டோர் மிகச் சிலரே. 1911இற் கொம்பனியைக் கலைக்க முற்பட்டபோது கலைப்பாளராக நியமனம் பெற்றவர் அரானாவே. 1913இல் நீதிமன்றம் தலையிட்டே அவரை விலக்கிற்று. பின்னர் அவர் பெரு நாட்டு மூதவையில் உறுப்பினராக வீற்றிருந்து, 1952இல் இறந்தார். கேஸ்மன்ட் அயர்லாந்து விடுதலைக்காக உழைத்து, 1916இற் பிரித்தானிய அரசினால் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த வேளையில், புட்டுமாயோ பற்றிக் கூறியவை பொய்யென ஒப்புக்கொள்ளும்படி அரானா தந்தியடித்தார்.

இவ்வரலாற்றின் பின்னணியில் ரிவேராவை மீண்டும் வாசிக்க வேண்டும். 1922இல் எல்லை வரையும் ஆணைக்குழுவில் அவர் காட்டுக்குச் சென்றார். றப்பர்த் தொழிலாளரின் நிலையை அரசாங்கத்துக்கு முறையிட்டார், பயன் விளையவில்லை. ஆகவே நாவலை அவர் எவ்வாறு அமைத்தார் என்பதை நோக்குக. முன்னுரை ஓர் அமைச்சருக்கு எழுதிய கடிதம். முடிவுரை அமைச்சருக்குக் கொன்சல் அனுப்பிய தந்தியைப் பற்றியது. இடையிலுள்ளவை அக்கடிதத்தோடு அனுப்பப்பட்ட கைப்பிரதிகள். அதாவது, நூல் முழுவதும் அரசாங்க அலுவலகத்தில் ஏற்கப்படாத ஒரு கோவை. கடைசி வசனத்தை மட்டும் நினைவில் வைத்து, அக்கோவை எவருக்கு அனுப்பப்பட்டது என்பதை மறந்துவிட்ட விமரிசகர்களைக் குறித்து ரிவேராவே நொந்தார். 1926இல் ஒரு விமரிசகருக்கு அளித்த பதிலில், தம் நூலின் சமூக நோக்கம் கண்ணிற் படவில்லையே என்று அவர் வருந்தியுள்ளார்.

எனினும் ரிவேராவின்மீது குறையே இல்லையென்று வாதிட நாம் முன்வரவில்லை. முற்போக்கு நூல் என்பதாற் கண்ணை மூடிக்கொள்வது விமரிசனமாகாது. கோவா பர்ரேராவைக் கொல்கின்றான், ஆற்று மீன்கள் பிணத்தைத் தின்கின்றன, வாசகனுக்கு ஆறுதல். ஆனால் பர்ரேரா ஒரு தரகன். அவன் இறந்தால் இன்னொருவன் வருவான். தனிமனிதப் பழிவாங்கலிற் கதை முடியும்போது கொம்பனியின் கதவு தட்டப்படாமலே போகின்றது. அதனிலும் பெரிய குறை, பழங்குடியினர் வாய்திறவாமை. கொலையுண்டவர்களிற் பெரும்பாலோர் அவர்களே. நாவலிலோ அவர்கள் பெரும்பாலும் பின்புலத்தில் நிற்கும் நிழல்கள். கொலம்பியத் தொழிலாளியின் துயர் முதுகும் தழும்புமாக எம்முன் வருகின்றது. போரா இனத்துத் தாயின் துயர் ஓர் எண்ணிக்கையாகவே வருகின்றது. 2010இல் நோபல் பரிசு பெற்ற பெரு நாட்டு மரியோ வர்காஸ் யோசா, அவ்வாண்டிலேயே வெளியிட்ட 'கெல்ற்றியரின் கனவு' என்னும் நாவலிற் கேஸ்மன்டை நாயகனாக்கினார். கொம்பனியின் நடைமுறை அதில் ரிவேராவினுங் கூடுதலான விளக்கம் பெறுகின்றது. ஆயினும் அந்நூலின் இதயம் கேஸ்மன்டின் மனச்சான்றிலேயே துடிக்கின்றது. நல்லவர் ஒருவரின் வேதனையைப் படித்து நாமும் நல்லவராகிவிட்ட உணர்வோடு புத்தகத்தை மூடுகின்றோம். மின்சிங் லேன் சந்தையில் அந்த றப்பரை ஏலத்தில் எடுத்தவர் யார் என்ற கேள்வி மனத்தில் எழுவதேயில்லை.

இக்கேள்வி எமது நாட்டையும் தொடுகின்றது. அரானாவின் வியாபாரத்தை நிறுத்தியது நீதிமன்றமா? அன்று, விலைச் சரிவு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசனிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்த நாற்றுகளுள் 1,900க்கு மேற்பட்டவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் பெருகின. 1910இல் உச்சத்தைத் தொட்ட றப்பர் விலை பின்னர் விழுந்தது. 1913 அளவில் ஆசியத் தோட்ட றப்பர் காட்டு றப்பரை விஞ்சிவிட்டது. தெரிவுக்குழு செய்ய இயலாததைக் களுத்துறையிலும் கேகாலையிலும் மலாயாவிலும் பால் வெட்டிய கைகள் செய்து முடித்தன என்று கூறிப் பெருமைப்படலாமோ?

பெருமைப்படுமுன் அக்கைகளின் கணக்கையும் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி கங்காணியின் கடனோடு கப்பலேறினார். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போவதாயின், இன்ன தொகை கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதன் பெயர் 'துண்டு'. ஆங்கில அரசாங்க அறிக்கைகளும் இத்தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்தாண்டன. ஆளைத் துண்டுக் கடுதாசியாற் கைமாற்றிய அம்முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்தது. புட்டுமாயோவில் நடந்த கொலைகள் இங்கே நடக்கவில்லை, ஒப்பிடுவது சமப்படுத்துவதன்று. ஆனால் சில்வாவின் கடன் அவரை ஒரு முதலாளியிடமிருந்து மற்றொருவரிடம் கைமாற்றும் பக்கங்களை ஒரு மலையக வாசகர் படிப்பாராயின், அவருக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது. 1935இற் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதியபோது, பழியை மலைமீதும் குளிர்மீதும் போடாது, ஆள்கட்டிய கங்காணியையும் தோட்டத்து அதிகாரியையும் நேரே காட்டினார் என்பதையும் இங்கு நினைத்துக்கொள்கின்றோம். அவரும் இலண்டன் வரை போகவில்லை என்பது வேறு விடயம்.

இவை யாவும் பழங்கதை என்பாரும் உளர். புட்டுமாயோவுக்கு மேற்கே, எக்குவடோர் நாட்டு அமேசன் பகுதிக்கு ஒருமுறை கண்ணைத் திருப்பினாற் போதும். அங்கே 1964 முதல் எண்ணெய் தேடிய டெக்சாக்கோ கொம்பனி, தான் பிறந்த டெக்சாஸ் ஊரின் பெயரையே ஸ்பானிய மொழியில் 'லாகோ அக்ரியோ' என்று காட்டு நடுவே உருவான நகருக்கு வைத்தது. எண்ணெயோடு வரும் கழிவுநீர் திறந்த குழிகளிலும் ஓடைகளிலும் விடப்பட்டது. கோஃபான், சியோனா, செக்கோயா மக்களும் குடியேறிய விவசாயிகளுமாக ஏறத்தாழ 30,000 பேரின் சார்பில் 1993இல் நியூயோர்க்கில் வழக்குத் தொடரப்பட்டது. இது எக்குவடோரில் விசாரிக்க வேண்டிய வழக்கு என்று கொம்பனி வாதாடி வென்றது. 2001இல் டெக்சாக்கோவைச் செவ்ரோன் வாங்கியது. வழக்கு 2003இல் எக்குவடோருக்குப் போயிற்று. அங்கே 2011இல் மக்கள் வென்றனர். 2013இல் அந்நாட்டு உயர்மன்று 950 கோடி டொலர் அளவான நட்டஈட்டை உறுதிப்படுத்தியது. அந்த நீதிமன்றமே சரியான இடமென்று முன்பு வாதாடியவர்கள் இப்போது அத்தீர்ப்பு மோசடி என்றனர். 2014இல் நியூயோர்க் நீதிமன்றம், மக்களின் வழக்கறிஞர் இலஞ்சத்தாலும் மோசடியாலும் அத்தீர்ப்பைப் பெற்றார் என்று முடிவு செய்தது. மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. 2018இல் ஹேக் நகர மத்தியஸ்த மன்றும் கொம்பனியின் பக்கமே நின்றது.

இதனை நாம் மறைத்துப் பேச விரும்பவில்லை. மக்கள் பக்கத்து வழக்கறிஞர்மீது வந்த தீர்ப்பை இல்லாததுபோற் காட்டினால், 'வெற்றிகொள்ளற் செலவு'க்கு உரை கூறியவரின் வழியிலேயே நாமும் போனவராவோம். ஆனால் வழக்கறிஞரின் குற்றம் ஓடையிற் கலந்த எண்ணெயைக் கழுவிவிடாது. கால் நூற்றாண்டு காலம் எந்த நாட்டில், எந்த மன்றில், எவரோடு வழக்காடுவது என்ற விவாதத்திலேயே கழிந்தது. நாவலாசிரியர் காட்டைக் குற்றவாளியாக்கினார். சட்டத்தரணிகள் குற்றவாளிக்கு முகவரியே இல்லாமற் செய்துவிட்டனர்.

அசைவு இல்லாமலில்லை. தாய்க் கொம்பனி அயல்நாட்டிலுள்ள தன் கிளையினாற் பாதிக்கப்பட்டவர்க்குக் கடமைப்பட்டிருக்கலாம். அவர்கள் இங்கிலாந்திலேயே வழக்காடலாம் என்று பிரித்தானிய உயர்நீதிமன்றம் சாம்பிய மக்களின் வழக்கில் 2019இலும், நைஜீரிய மக்களின் வழக்கில் 2021இலும் கூறியது. 1913இன் தெரிவுக்குழு மூடிய கதவு ஒரு விரற்கிடை திறந்தது எனலாம். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம், காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருள்களைத் தன் சந்தையில் விற்பதைத் தடைசெய்யும் சட்டமொன்றை நிறைவேற்றியது. பொருளை இறக்குமதி செய்பவர் அது விளைந்த காணித்துண்டின் இருப்பிடத்தையே காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் காட்டிலிருந்து இலண்டனுக்குப் போன காலம் போய், இலண்டனிலிருந்தும் பிரசெல்சிலிருந்தும் காட்டுக்குத் திரும்பி வாசிக்கப்படும் முயற்சி இது. 2021இல் அதன் முதல் வரைவிற் றப்பர் இடம்பெறவில்லை. பாராளுமன்றத்தின் வற்புறுத்தலின் பின்னரே சேர்ந்தது. நடைமுறைக்கு வரும் நாளோ ஒரு தடவைக்கு மேற் பிற்போடப்பட்டுள்ளது.

எமது மாணவர்கள், அரானாவின் நிலம் பின்னர் என்னவாயிற்று என்று கேட்டனர். அவர் தம் உரிமையென்று கூறிய காட்டுக்காக 1939இற் கொலம்பிய அரச வங்கி விலை பேசிப் பணம் கொடுத்தது. வாங்கியவர்கள் கொன்றவரின் தரப்பினர். 1988இல் ஐம்பது இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட அந்தக் காடு, எஞ்சியிருந்த ஹுய்டோட்டோ, போரா, ஒகைனா மக்களுக்கு அவர்தம் பொதுச் சொத்தாக அரசினால் ஒப்படைக்கப்பட்டது. 2012 ஒக்டோபரிற் கொலம்பிய சனாதிபதி அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொம்பனி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்குக் கொம்பனியும் இல்லை. லா சொர்றேரா என்னுமிடத்தில் அரானாவின் பண்டகசாலையாகவிருந்த பழைய கட்டடம் மாத்திரம் இன்னும் நிற்கின்றது. எடை குறைந்த றப்பரோடு வந்தவர்கள் நின்ற அந்த இடத்தில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பாடசாலை இப்போது நடைபெறுகின்றது.